அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்போம்

(மதுரையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பட்டா, பாசனத் தண்ணீர் இவற்றைப் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று பேசப்போவது நம் வீட்டு வாசற்படிக்கு உள்ளே இருக்கிற விஷயம். பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட இதை நாம் பேசுவதில்லை. சங்கத்திலோ பேசவே இல்லை. பேசாத காரணத்தாலேயே இது பெரிய துன்பமாக வளர்ந்திருக்கிறது.

நம் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். நம் கிராமத்திலும் இருக்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. முகம் கொடுத்துப் பார்க்காது. சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு மணிக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். கேட்ட வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லும். அல்லது ஐந்து வயதாகியும் பேசாது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடும். வழக்கமாகப் போகும் சந்தை விட்டு வேறு சந்து வழியே கூட்டிப்போனால் தரையில் விழுந்து புரளும்.

ஊர் என்ன சொல்லுகிறது? "கிறுக்கு" என்கிறது. "பெற்றவள் செய்த பாவம்" என்கிறது. "குலசாமி குத்தம், கோடாங்கியைக் கூப்பிடு" என்கிறது. வாத்தியார், "இது படிக்காது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். எல்லாரும் அபிப்பிராயம் சொல்லுகிறார்கள். அந்தப் பிள்ளையிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

விஞ்ஞானம் இந்த நிலைக்கு ஆட்டிசம் என்று பெயரிட்டிருக்கிறது. இது தொற்று வியாதி அல்ல. பேயும் அல்ல, பாவமும் அல்ல. பிறவியிலேயே மூளை வேறு விதமாக அமைந்து, உலகத்தை வேறு விதமாக வாங்கிக்கொள்ளும் நிலை இது. படிக்கச் சிரமப்படும் பிள்ளை, ஓர் இடத்தில் நிலைகொள்ளாமல் துள்ளும் பிள்ளை, இவர்களும் இந்த வரிசையில் வருகிறவர்கள்தாம். இவர்களில் பலருக்கு "மக்கு", "அடங்காதது" என்ற பட்டம்தான் பள்ளிக்கூடம் கொடுத்த ஒரே சான்றிதழ்.

எத்தனை பேர்? 2021-ம் ஆண்டு நிலவரப்படி உலகில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. 2011 ஜனத்தொகைக் கணக்கில் மதுரை மாவட்டத்தின் மக்கள் 30 லட்சத்து 38 ஆயிரம். அந்த விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்: சுமார் 24 ஆயிரம் பேர்! ஆனால் அந்த 2011 கணக்கெடுப்புத் தாளில் ஆட்டிசத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. கணக்கிலேயே இல்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் எங்கிருந்து வரும்? வைத்தியர் எங்கிருந்து வருவார்?

பெயர் வைத்தவர்கள் யார்?

நம் சர்க்கார் தாள்களில் இவர்களுக்கு ஒரு பெயர் எழுதினார்கள்: "புற உலகச் சிந்தனையற்றோர்". "மதியிறுக்கம்" என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதாவது, வெளியுலகம் இவர்களுக்குள் புகுவதே இல்லை என்று அர்த்தம். இது வெளியே நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர்.

ஆட்டிசம் உள்ளவர்களே கடந்த நாற்பது ஆண்டுகளாக எழுதவும் பேசவும் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லுவது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. "வெளியுலகம் எங்களுக்குள் வராமல் இல்லை, தாங்கமுடியாத அளவுக்கு வருகிறது" என்பதுதான் அவர்கள் சொல்லும் செய்தி.

இதை ஆலைத் தொழிலாளிக்கு விளக்கவேண்டியதே இல்லை. ரிங் பிரேம் ஓடும் கூடத்தில் முதல் நாள் கால் வைத்த அனுபவத்தை நினைத்துப் பாருங்கள். காது அடைத்தது, தலை சுற்றியது, மேஸ்திரி சொன்னது எதுவும் மண்டையில் ஏறவில்லை. பிறகு நாளாக ஆக மூளை அந்த இரைச்சலை ஒதுக்கப் பழகிக்கொண்டது. நமக்குள் ஒரு சல்லடை இருக்கிறது. வேண்டியதை உள்ளே விட்டு, வேண்டாததை வெளியே நிறுத்துகிறது. இவர்களில் பலருக்கு அந்தச் சல்லடையின் கண் வேறு மாதிரி இருக்கிறது. மின்விசிறி ஓசை, குழல் விளக்கின் துடிப்பு, சட்டைக் காலரின் உறுத்தல், தாளிக்கும் வாசனை, நாலு பேர் பேச்சு, எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே பலத்தோடு வந்து மோதுகின்றன. வேறு சிலருக்கோ சில உணர்ச்சிகள் குறைவாகவே எட்டும். சூடு தெரியாது, அடிபட்டது தெரியாது. எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்ல.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான ஜனங்கள், வேட்டு, மேளம், ஒலிபெருக்கி, நாலு பக்கமும் பீய்ச்சி அடிக்கும் தண்ணீர். நமக்கு அது கொண்டாட்டம். இந்தப் பிள்ளைக்கு அது உடம்பெல்லாம் ஊசி குத்துவது போல இருக்கலாம். அது கத்துகிறது, ஓடப் பார்க்கிறது, தலையை மோதிக்கொள்கிறது. "அடம் பிடிக்கிறது, இரண்டு அறை விடு" என்கிறார்கள் பார்க்கிறவர்கள். அது அடம் அல்ல, தோழர்களே! தாங்கும் எல்லை கடந்து ஒரு மனிதப்பிறவி உடைந்துபோகிற நேரம் அது. அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது அமைதியான ஓர் இடமும் கொஞ்சம் அவகாசமும்.

கையை உதறுகிறது, முன்னும் பின்னும் ஆடுகிறது, "நிறுத்து" என்று அதட்டுகிறோம். இரவு ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க நாம் வெற்றிலை மெல்லுவதில்லையா? நாற்று நடும்போது இடுப்பு வலி தெரியாமலிருக்கக் குலவை போட்டுப் பாடுவதில்லையா? அந்த ஆட்டம் அவர்கள் தங்களை நிலைப்படுத்திக்கொள்ளும் வழி. யாருக்கும் தீங்கு இல்லாதவரை அதை விட்டுவிடுவதுதான் நியாயம்.

பேச்சு வாயில் மட்டும் இல்லை

"பேசவில்லை, அப்படியானால் புரியவும் இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்கிறோம்: அந்த இரைச்சலில் வாயால் பேசியா வேலை நடக்கிறது? கையால் பேசுகிறோம், கண்ணால் பேசுகிறோம், உதட்டசைவைப் படிக்கிறோம். நாலு கெஜம் தள்ளி நிற்பவருக்கு "இழை அறுந்தது, வா" என்று விரலால் சொல்லிவிடுகிறோம். வெளியாள் ஒருவன் வந்து, "இவர்கள் எல்லாம் ஊமைகள், அறிவில்லாதவர்கள்" என்று சொன்னால் நாம் சிரிக்கமாட்டோமா?

படத்தைக் காட்டிக் கேட்பது, எழுதிக் காட்டுவது, கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவது, கைக்கருவியில் தொட்டுப் பேசுவது, இவை அத்தனையும் பேச்சுதான். குடத்தின் பக்கம் நம் கையை இழுத்துப்போகிற பிள்ளை "தாகம்" என்று சொல்லிவிட்டது. கேட்கத் தெரியாதவர்கள் நாம்தான்.

டேமியன் மில்டன் என்பவர் இங்கிலாந்தில் ஒரு சமூகவியல் அறிஞர். அவரே ஆட்டிசம் உள்ளவர். 2012-ல் அவர் ஒரு கேள்வியை எழுப்பினார். ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்கிறீர்களே, உங்களுக்கு அவர்கள் மனம் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது; பழியை மட்டும் ஒரு பக்கத்தில் போடுவது ஏன்? இதுதான் அவர் வாதம். 2020-ல் பிரிட்டனில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒருவர் ஒரு கதையை அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கு அடுத்தவருக்குச் சொல்ல, இப்படி எட்டுப் பேர் வரிசை. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் நின்ற வரிசையில் செய்தி, மற்றவர்கள் நின்ற வரிசையில் போய்ச் சேர்ந்த அளவுக்குச் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது. முந்நூறுக்கு மேற்பட்டவர்களை வைத்து மறுபடி நடத்தி 2025-ல் வெளியிட்ட சோதனையிலும், செய்தி கடத்துவதில் அவர்கள் குறைந்தவர்கள் அல்ல என்பதே தெரிந்தது.

வளர்ந்தவர்கள் இன்னொன்றையும் சொல்லுகிறார்கள். காலை முதல் இரவுவரை மற்றவர்களைப் போல் சிரித்து, மற்றவர்களைப் போல் கண்ணைப் பார்த்து, கையை அடக்கிக்கொண்டு நடித்து நடித்தே தாங்கள் நொறுங்கிப்போவதாகச் சொல்லுகிறார்கள். இது விவசாயத் தொழிலாளிக்குப் புரியும். பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் இறக்கி, குரலைத் தாழ்த்தி, நிமிராமல் நின்ற தலைமுறையின் பிள்ளைகள் நாம். நம் உடம்பு நம்முடையதாக இல்லாமல் நாள் முழுவதும் நிற்பது எப்படிப்பட்ட பாரம் என்று நம் தாத்தாக்களுக்குத் தெரியும்.

மாட்டின் கண்ணால் பார்த்த பெண்

டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி 1947-ல் பிறந்தவர். மூன்றரை வயதுவரை பேச்சு வரவில்லை. தம் ஆட்டிச வாழ்க்கையைப் பற்றி 1986-ல் அவர் புத்தகம் எழுதினார். அவர் செய்த தொழில் என்ன தெரியுமா? மாடுகளை ஓட்டிச் செல்லும் தடங்களையும் தொழுவங்களையும் வடிவமைப்பது.

ஒரு பண்ணையில் மாடுகள் ஓர் இடம் வந்ததும் நின்றுவிடும், நகராது. ஆட்கள் கத்துவார்கள், அடிப்பார்கள். கிராண்டின் அந்தத் தடத்துக்குள்ளேயே இறங்கி, மாட்டின் கண் மட்டத்துக்குக் குனிந்து நடந்து பார்த்தார். என்ன இருந்தது? ஆடிக்கொண்டிருந்த ஒரு சங்கிலி. குறுக்கே விழுந்த ஒரு நிழல். வேலியில் யாரோ போட்ட ஒரு சட்டை. அதை எடுத்துவிட்டால் அடி இல்லாமலே மாடு நடக்கிறது.

வாடிப்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ ஏர் பூட்டிய கைக்கு இது புது விஷயமா? மாடு மிரண்டால் நல்ல உழவன் முதலில் மாட்டை அடிப்பதில்லை. எதைக் கண்டு மிரண்டது என்று பார்க்கிறான். மாட்டுக்குச் செய்யும் அந்த நியாயத்தை நாம் பெற்ற பிள்ளைக்குச் செய்ய மறுப்பது ஏன்? அது எதைக் கண்டு மிரளுகிறது, எது அதற்கு வலிக்கிறது என்று அதன் உயரத்துக்குக் குனிந்து பார்த்தோமா?

குத்தகை விவசாயியின் ஞானம்

1943-ல் லியோ கானர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைப் பற்றி உலகம் பேசத் தொடங்கக் காரணம். அதில் முதல் பிள்ளை டொனால்ட் டிரிப்ளெட். மிசிசிப்பி ராஜ்யத்தில் பாரஸ்ட் என்ற சிறு ஊர். வசதியான குடும்பம். நான்கு வயது நிரம்புவதற்கு முன்பே அவனை ஒரு விடுதியில் விட்டார்கள். அங்கே அவன் வாடிப்போனான். சுமார் ஓராண்டில் திரும்பக் கூட்டிவந்தார்கள். பிறகு 1942-ல் ஊருக்குப் பத்து மைல் தள்ளி ஒரு குத்தகை விவசாயத் தம்பதியிடம் விட்டார்கள்.

1945-ல் கானர் அங்கே போய்ப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரி வைத்தியரான அவர் அந்த ஏழைத் தம்பதியின் புத்திசாலித்தனத்தைக் கண்டு அதிசயித்தார். பையனுக்கு எதை எடுத்தாலும் அளக்கவேண்டும். அவனைக் கிணறு தோண்ட வைத்து ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்துக்கொண்டே இருந்தான். ஓர் இடம் ஒதுக்கி, புதைத்து அடையாளம் நடச் சொன்னார்கள். மக்காச்சோள வரிசைகளை ஓயாமல் எண்ணினான். ஏரைக் கையில் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். கானர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பையன் குதிரை பூட்டிய ஏரைப் பிடித்து ஆறு நீள வரிசைகளை உழுது காட்டினான்.

அந்தத் தம்பதி வைத்தியப் படிப்புப் படித்தவர்கள் அல்லர். பிள்ளையை மாற்ற அவர்கள் முயலவில்லை. அவன் விருப்பத்துக்கு வேலையில் ஓர் இடம் கண்டார்கள். டொனால்ட் பிறகு பட்டம் பெற்றார்; ஊர் வங்கியில் வேலை பார்த்தார்; தனியாக ஊர் ஊராகப் பயணம் செய்தார்; ஊர் அவரைத் தன்னவராக ஏற்றுக்கொண்டது. 2023-ல் 89-ம் வயதில் காலமானார்.

அவருக்குப் பணக்காரக் குடும்பம் துணையிருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் விடுதியும் ஆஸ்பத்திரியும் காணாத வழியைக் கண்டது மண்ணைக் கிளறிய கை என்பதையும் மறக்கவேண்டாம்.

தாயின் மீது ஏன் பழி?

"தாய் அன்பு காட்டவில்லை, அதனால்தான் பிள்ளை இப்படி" என்று மேல்நாட்டு வைத்தியர்கள் பலர் சுமார் இருபது ஆண்டுகள் போதித்தார்கள். தாயைக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒப்பிட்டார்கள்! 1964-ல் பெர்னார்டு ரிம்லண்டு என்ற அமெரிக்கர், தாமே இத்தகைய பிள்ளையின் தகப்பனார், இந்தப் பொய்யை உடைத்துப் புத்தகம் எழுதினார். நம் ஊரில் "பாவம்", "சாபம்" என்று சொல்லித் தாயைக் குத்துகிறார்களே, அதுவும் இதே பொய்தான். சட்டை மட்டும் வேறு.

"இது பணக்காரர் வீட்டு வியாதி" என்றும் ஒரு காலத்தில் சொன்னார்கள். ஏன்? பெரிய ஆஸ்பத்திரிவரை பிள்ளையைக் கூட்டிப்போக முடிந்தவர்கள் பணக்காரர்கள்தாம். 1979-ல் லோர்னா விங், ஜூடித் கூல்டு என்ற இரண்டு பெண்மணிகள் லண்டன் கேம்பர்வெல் வட்டாரத்தில் தேடிப்போய் எண்ணிய கணக்கை வெளியிட்டார்கள். எல்லா வர்க்கத்து வீடுகளிலும் இந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வியாதியின் பெயர் கிடைக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வசைப்பெயர்தான் கிடைக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

"தடுப்பூசியால் வந்தது" என்ற புரளியையும் நம்பாதீர்கள். 1998-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இதைக் கிளப்பியவர் வேக்பீல்டு. அந்தக் கட்டுரையைப் பத்திரிகையே 2010-ல் வாபஸ் வாங்கியது. அவருடைய வைத்தியத் தொழில் உரிமையும் அதே ஆண்டில் பறிபோனது. "ஊசி போட்டுக் குணமாக்குகிறோம், ஸ்டெம் செல் வைத்தியம்" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடமும் ஜாக்கிரதை. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது. தாலியை விற்றுக் கந்துவட்டிக்கு வாங்கி அந்த வாசலில் கொட்டவேண்டாம். பேச்சுப் பயிற்சி, கைவேலைப் பயிற்சி, படம் காட்டிப் பழக்குவது, இவற்றால் பிள்ளைக்குப் பிழைக்கும் வழி கூடும். மாற்றிப் பிறப்பிக்கும் மருந்து கிடையாது. அது தேவையும் இல்லை.

ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிசம் உள்ளவர் 1993-ல் பெற்றோர்களைப் பார்த்துச் சொன்னார்: நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை வரவில்லை என்று அழுகிறீர்கள், அந்தத் துக்கம் உங்களுடையது. ஆனால் வந்திருக்கிற பிள்ளை உயிரோடு உங்கள் முன் நிற்கிறது. அதற்கு நீங்கள் வேண்டும். இதுதான் அவர் பேச்சின் சாரம்.

சங்கிலி

தோழர்களே! நம் தென் ஜில்லா ஒன்றில் நடந்ததை நாம் மறக்க முடியாது. 2001 ஆகஸ்டு 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகள் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள் தங்கியிருந்த ஒரு கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. அவர்கள் கால்களில் சங்கிலி. ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

மனநோய் வேறு, ஆட்டிசம் வேறு. இரண்டையும் குழப்பக்கூடாது. ஆனால் சங்கிலிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. "ஒரு மாதிரியான ஆள்" என்று ஊர் ஒருவரை முத்திரை குத்திவிட்டால் சங்கிலி அவரைத் தேடி வந்துவிடுகிறது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தடை செய்தது. எந்த மனிதப்பிறவிக்கும் அதுவே நியாயம்.

வீட்டுத் தூணிலும், களத்துமேட்டு மரத்திலும் பிள்ளையை இடுப்புக் கயிற்றால் கட்டிவிட்டு நடவுக்குப் போகும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளி ஆக்க நாம் இங்கே வரவில்லை. கிணறு திறந்து கிடக்கிறது. சாலையில் லாரி ஓடுகிறது. போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் உலை இல்லை. அந்தத் தாயின் கையில் கயிற்றைக் கொடுத்தது அன்பின்மையா? இல்லை! பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஊரில் ஓர் இடம் இல்லாத குறைதான் கொடுத்தது. கயிற்றை அவிழ்க்கவேண்டுமானால் அந்த இடத்தைக் கட்டவேண்டும். புத்திமதி சொன்னால் போதாது.

லாபத் தராசில் மனிதனை நிறுக்காதே

"இவனால் என்ன பிரயோசனம்?" என்ற கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சரித்திரம் காட்டியிருக்கிறது. ஹிட்லர் ஆட்சியில் உழைக்கப் பயன்படாதவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களைக் கொன்றார்கள். வியன்னா நகரில் ஸ்பீகல்குரண்ட் என்ற ஆஸ்பத்திரியில் சுமார் 800 குழந்தைகள் மாண்டார்கள். ஆட்டிசத்தைப் பற்றி 1944-ல் எழுதிப் புகழ்பெற்ற வைத்தியர் ஹான்ஸ் ஆஸ்பெர்கரே அங்கே குழந்தைகளை அனுப்பக் கையெழுத்திட்டவர் என்பது 2018-ல் வெளியான ஆராய்ச்சியில் நிரூபணமாயிற்று.

அதற்கு முன்பே, 1925-ல், மாஸ்கோ நகரில் குரூனியா சுகரேவா என்ற பெண் வைத்தியர் இத்தகைய ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். கானருக்கு 18 ஆண்டுகள் முந்தி! அவர்களோடு நெருங்கிப் பழகி, நுணுக்கமாகக் கவனித்து எழுதினார். அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியும், ஓவியமும், மரவேலையும் கற்றுக்கொடுத்தார்கள். உலகம் அவர் பெயரை நெடுங்காலம் மறந்தே இருந்தது.

இன்னும் ஓர் எச்சரிக்கை. "ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லாம் மேதைகள், கணக்கில் புலிகள்" என்று சினிமா காட்டுகிறது. சிலர் அப்படி இருக்கலாம். பலர் அப்படி இல்லை. சட்டைப் பித்தான் போடவே வாழ்நாள் முழுவதும் ஒருவர் துணை வேண்டியவர்களும் உண்டு. அவர்கள் மேதையாக இருந்தால்தான் மதிப்பு என்றால், அதுவும் அதே தராசுதான். வேலை செய்ய முடிந்தாலும் முடியாவிட்டாலும் மனிதனுக்கு மனித மதிப்பு உண்டு. தேய்ந்த பிறகு தூக்கி எறியப்படும் கதிரைப் போலத் தொழிலாளியை நடத்துவதை எதிர்க்கிற நாம் இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லுவார்கள்?

சட்டம் என்ன சொல்லுகிறது?

1995-ம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் 7 வகைகளை மட்டும் எழுதியது. ஆட்டிசம் அதில் இல்லை. பெற்றோர்களும் மாற்றுத்திறனாளிகளின் ஸ்தாபனங்களும் ஓயாமல் குரல் கொடுத்தார்கள். 1991-ல் மேரி பருவா என்ற தாய் டெல்லியில் ஆட்டிசத்துக்கென்றே ஒரு ஸ்தாபனம் தொடங்கினார். 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. இவை யாரும் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை அல்ல.

மனப்பாடம் செய்துகொள்ளவேண்டியவை இவை. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. சர்க்கார் வேலைகளில் 4 சதவீத ஒதுக்கீடு. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 92-ம் பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டுவரை சிறை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் உள்ளிட்டோருக்கான மாதாந்திரப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இவற்றைப் பெற முதல் படி சான்றிதழும் அடையாள அட்டையும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கவேண்டும். உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து, பஸ்ஸின் இரைச்சலைத் தாங்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அன்றைய கூலியை இழந்து வரும் தாயை "அடுத்த வாரம் வா" என்று திருப்பி அனுப்புவது என்ன நியாயம்? சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதை வாசலுக்குக் கொண்டுவருவது ஸ்தாபன பலம்.

நாம் செய்யவேண்டியது

வீட்டில்: அடிக்கவேண்டாம். கண்ணைப் பார்த்துப் பேசு என்று முகத்தைத் திருப்பவேண்டாம். நாளைக்கு என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லுவோம். படமாக வரைந்து சுவரில் ஒட்டுவோம். ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருப்போம். அவர்களுக்கென்று அமைதியான ஒரு மூலை ஒதுக்குவோம்; ஒற்றை அறை வீடானாலும் ஒரு சாக்குத் திரைக்கு இடம் உண்டு. இரண்டு வயதாகியும் பேச்சு வராவிட்டால், "தகப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்று காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுவோம்.

ஊரில்: தாயை ஏசுகிற வாயை அடக்குவோம். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் அந்தக் குடும்பத்தை ஒதுக்காமல், ஒலிபெருக்கிக்குத் தள்ளி ஓர் இடம் கொடுத்து அழைப்போம். கூலிக்குப் போகும் தாய்க்குப் பதிலாக வாரத்தில் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு இருக்க முறை போட்டுக்கொள்வோம்.

வேலையிடத்தில்: இத்தகைய வாலிபர்கள் நம்மோடு இப்போதும் வேலை செய்கிறார்கள், நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இழை எண்ணுவதிலும், கோன் தரம் பிரிப்பதிலும் பிசகாதவன், திடீரென்று ஷிப்டை மாற்றினால் தடுமாறுகிறான். மேஸ்திரி கத்தினால் கை ஓய்கிறது. அவனைக் கேலி செய்து சிரிப்பவர்கள் நாமாக இருக்கக்கூடாது. வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லு, எழுதிக் கொடு, காதடைப்பான் கொடு, ஷிப்டு மாற்றத்தை முன்னதாகத் தெரிவி என்று நிர்வாகத்திடம் சங்கம் கேட்கவேண்டும். இந்தக் கோரிக்கைகளால் மற்றத் தொழிலாளிகளுக்கும் நன்மைதான்.

சங்கத்தில்: ஒன்றியத்துக்கு ஒரு பகல் பராமரிப்பு நிலையம் வேண்டும், கூலி நேரத்துக்குத் தக்கபடி அது திறந்திருக்கவேண்டும். பக்கத்துப் பள்ளியில் சிறப்பாசிரியர் வேண்டும். சான்றிதழ் முகாம் கிராமத்துக்கு வரவேண்டும். பெற்றோர் காலத்துக்குப் பிறகு அவர்கள் கௌரவமாக வாழ இல்லங்கள் வேண்டும். சங்கிலி இல்லாத, பூட்டு இல்லாத இல்லங்கள்! இவற்றைப் போனஸ் கோரிக்கையோடு சேர்த்து எழுதுவோம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கோரிக்கைகளை எழுதும்போது அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுவோம். பேசுகிறவர் பேசட்டும், எழுதுகிறவர் எழுதட்டும், படத்தைத் தொட்டுக் காட்டுகிறவர் காட்டட்டும், ஒரு நாளைக்குப் புரியாவிட்டால் மறுநாள் கேட்போம். தொழிலாளியைக் கேட்காமல் தொழிலாளிக்கு ஒப்பந்தம் எழுதினால் நாம் ஏற்போமா? ஏற்கமாட்டோம்! அந்த நியாயம் அவர்களுக்கும் உண்டு. உலகமெங்கும் மாற்றுத்திறனாளிகள் எழுப்பும் முழக்கமும் அதுவே: எங்களைப் பற்றி, எங்களைக் கேட்காமல், எதுவும் வேண்டாம்!

அந்த முழக்கத்தை மதுரையின் ஆலை வாசல்களிலும் வைகைக் கரை வயல்களிலும் நாமும் எழுப்புவோம், தோழர்களே!